வௌவால் நெற்றி மண்டபம்

ஓடமங்கலம் சிவன் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சாமி கும்பிட்டு முடித்ததும் கருவறைக்குப் பின்பக்கம் போய் நிற்பார்கள். மற்ற கோயில்களைப் போல அது சதுரமாக முடியாது, வளைந்து திரும்பும். படுத்திருக்கும் யானையின் பின்புறம் மாதிரி இருப்பதால் தூங்கானை மாடம் என்று சொல்வார்கள். சோழர் காலத்துக் கருங்கல். காரைக்கால் பக்கத்தில் எந்த ஊரில் தோண்டினாலும் வண்டலும் மணலும்தான் வரும், கல் அகப்படாது. அவ்வளவு கல்லையும் எங்கிருந்தோ ஆற்று வழியாகவும் மாட்டு வண்டியிலும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அடிப்பட்டையில் சுற்றிலும் எழுத்து. நந்தா விளக்கு எரிய ஆடு விட்ட ஒரு வணிகனின் பெயரும், நிலம் எழுதிவைத்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கில் பாதி எழுத்து மூடிப்போய்விட்டது.

ஊர்க்காரர்களுக்கு அந்தக் கருங்கல்லில் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் உட்கார்ந்தது, படுத்தது, சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம் இரண்டாம் வாசலுக்கு வெளியே இருந்த செங்கல் மண்டபத்தில்தான். அது மராட்டியர் காலத்துக் கட்டுமானம். உத்தரமோ விட்டமோ கிடையாது. சன்னமான செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் வைத்து, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வளைத்துக்கொண்டே போய் உச்சியில் சேர்த்திருந்தார்கள். சேருமிடத்தில் ஒரு மடிப்பு விழும். வௌவாலின் நெற்றியைப் போல இருந்ததால் வௌவால் நெற்றி மண்டபம் என்று பெயர். சித்திரை வெயிலில் அதற்குள் காலெடுத்து வைத்தால் உடம்பு ஆறிவிடும். நடவுக்குப் போன பெண்கள் சேறு காய்ந்த காலோடு அங்கே உட்கார்ந்துதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்ற நகரசபைத் தேர்தலுக்கு வோட்டுப் போட்டதும் அதற்குள்தான் என்று வயதானவர்கள் சொல்வார்கள்.

உமாமகேஸ்வரி பிறந்ததும் அங்கேதான். எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசிப் புயலில் ஊரே கோயிலுக்குள் ஒதுங்கியபோது, அவள் அம்மா பெரியநாயகிக்கு அந்த மண்டபத்தில் வலி கண்டது. சிறு வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளை மண்டபத்தா என்று கூப்பிடுவார்கள். யாரோ ஒரு முஸ்லிம் பெண்தான் பிரசவம் பார்த்துப் பிள்ளையை வாங்கினார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

இப்போது உமாமகேஸ்வரி காரைக்காலில் பொதுப்பணித் துறையில் என்ஜினியர். கணவர் ராஜ்மோகனுக்கு வங்கி வேலை. மகள் சென்னையில் படிக்கிறாள். அப்பா உத்திராபதி காலமான பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் கணவனும் மனைவியும் ஓடமங்கலத்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். வீட்டு வாசலில் நின்றால் மண்டபத்தின் வளைந்த முதுகு தெரியும்.

ஆவணியில் ஒரு மத்தியானம் மண்டபத்தின் கூரையிலிருந்து இரண்டு கை அகலத்துக்குக் காரையும் செங்கல்லும் பெயர்ந்து விழுந்தன. களை எடுத்த பெண்கள் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வாழை இலைகள் மேல் விழுந்து கிடந்தன. கோயிலில் அப்போதுதான் குடமுழுக்குக்காகத் திருப்பணி தொடங்கியிருந்தது. திருப்பணிக் குழுத் தலைவர் சோமு, உமாமகேஸ்வரிக்குச் சித்தப்பா முறை. மறுநாளே வீட்டுக்கு வந்து, நம்ம பெண்ணே என்ஜினியராக இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது, நீயே பார்த்துச் சொல் என்றார்.

அவள் ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு மேலே ஏறினாள். மேல்தளத்தில் கனமாகச் சிமெண்ட் காங்கிரீட் போட்டிருந்தது. அது யார் போட்டது என்று அவளுக்குத் தெரியும். ஒழுகுகிறது என்று இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா உத்திராபதி, நெல் விற்ற பணத்தில், தானே கூட நின்று போட்ட தளம். சுண்ணாம்புக் கட்டடம் மூச்சு விடும். வாங்கின ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை அரித்துவிட்டது. போதாததற்குத் தளத்தின் பாரம் வேறு வளைவை நசுக்க, தெற்குச் சுவர் வெளியே சாய்ந்திருந்தது. உச்சி மடிப்பு நெடுக விரிசல், அதில் அவள் விரல் நுழைந்தது. கையால் தேய்த்தால் செங்கல் மாவாக உதிர்ந்தது.

உடனே முடிவு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்துக் காட்டினாள். அவர் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு சுவரில் ஒன்றாவது நன்றாக இருந்தால் செய்யலாம், இதில் பிடிமானமே இல்லையே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சவுக்கு மரங்களை வாங்கி உள்ளே முட்டுக் கொடுக்கச் சொன்னாள். புரட்டாசி பிறந்தால் மழை, அதற்கு முன் இடித்து இறக்கிவிட வேண்டும், அதே இடத்தில் புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று சோமுவிடம் சொன்னாள்.

சோமு பாவம், ஆடிப்போய்விட்டார். இன்னும் நாலைந்து வருஷம் தாங்கும் என்று சொல்ல முடியாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஊரில் எல்லோருக்கும் அதன்மேல் பாசம், உனக்கில்லாததா என்றார். சொல்லலாம் சித்தப்பா, யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரிந்தால் சொல்லலாம் என்றாள் அவள்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பெரியநாயகி அப்போது அடுக்களையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உமாமகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, தானும் நாலு உரித்துப்போட்டு, மெதுவாகச் சொன்னாள். அப்பா போட்ட தளத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பெரியநாயகி கடைசி மொச்சை வரைக்கும் உரித்தாள். பிறகு, அத இடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. மாப்பிள்ளைக்குச் சோறு போடும்போதுகூட அவள் எதுவும் பேசுவதில்லை. ராஜ்மோகன் சமாதானம் சொல்லிப் பார்த்தார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மோர் வேணுமா என்று கேட்டாள்.

ஆட்கள் வருவதாக இருந்த அன்று காலையில் பெரியநாயகியைக் காணோம். மண்டபத்துக்குள், சவுக்கு முட்டுகளுக்கு நடுவே, முருங்கைக் கீரையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் கடப்பாரையோடு வெளியே நின்றார்கள். சோமு இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போன் போட்டார். உமாமகேஸ்வரி ஆபீசுக்குப் புறப்பட்டவள் அப்படியே வந்தாள். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். காற்று அடித்தபோது மேலிருந்து பொடி உதிர்ந்து அம்மாவின் தலையில் விழுந்தது.

"எழுந்து வாம்மா. இது இன்னைக்கு நாளைக்குன்னு சொல்ற நெலமையில இல்ல. எப்ப வேணா விழும்."

"விழுந்தா விழட்டும். நீ போ."

"நீ இருக்கறப்ப நான் எப்புடிப் போறது? நானுந்தான் இஞ்ச பொறந்தேன். எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?"

பெரியநாயகி கீரைக்காம்பை ஒடிப்பதை நிறுத்தினாள்.

"ஒனக்காவ நான் இஞ்ச ஒக்காரலடி. நீ பொறந்ததுக்கு நீ இருக்க, அது போதும். ஒரு மனுசன் இந்தப் படியிலதான் எறங்கிப் போனாரு. வரல. அவருக்குன்னு ஒரு குழிகூடக் கெடயாது. இதான் இருக்கு. இதையும் இடிச்சிட்டு நீ பளிங்குக்கல்லு போடு."

யார் என்று உமாமகேஸ்வரி கேட்டாள். வெளியே வா, சொல்கிறேன் என்றாள் அம்மா. அவ்வளவு நேரம் வராதவள் அப்போது எழுந்து வந்தாள். இருவரும் குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

புயலன்று உத்திராபதி ஊரில் இல்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கக் கொல்லையில் இருந்த மாடுகளை ஓட்டிவரப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். நிறைமாதமாக இருந்த பெரியநாயகியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கோயிலுக்கு அழைத்துவந்தார்கள். குருக்கள் எல்லாக் கதவையும் திறந்துவிட்டார். ஆனால் வலி கண்டவளை உள்ளே அழைத்துப்போக யாருக்கும் துணிச்சல் இல்லை. பிரசவத் தீட்டு. அதனால் வெளி மண்டபத்தில் பாய் விரித்தார்கள். கோயிலுக்குள் அந்த நாளில் வரக்கூடாத தெருக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். மெயின் ரோட்டில் மரம் விழுந்து நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்களும் இருந்தார்கள். பொறையாறிலிருந்து திருமலைராயன்பட்டினத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் தம்பதி, கைக்குழந்தையோடு. அவள் பத்ருன்னிசா. அவர் காஜா நஜ்முதீன். நாகப்பட்டினத்தில் சரக்குத் தோணியில் வேலை.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று ஒரு கிழவி தொட்டுப் பார்த்துச் சொன்னாள். மருத்துவச்சி அக்கரையில் இருந்தாள். இந்தத் தண்ணீரில் யார் போவது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நஜ்முதீன் வழி கேட்டார். தண்ணி எனக்குப் பழக்கம் என்றார். பிள்ளையை நனைய விடாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்கரை உடைந்த சத்தம் மண்டபத்துக்கே கேட்டது.

அதற்குப் பிறகு பத்ருன்னிசாதான் பெரியநாயகியின் தலைமாட்டிலிருந்து எழுந்து கால்மாட்டுக்கு வந்தாள். தன் பிள்ளையை யார் கையிலோ கொடுத்துவிட்டு, அந்தக் கிழவி சொல்லச் சொல்ல, வயிற்றை நீவிப் பிள்ளையைத் திருப்பி வாங்கினாள். தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியில்தான் உமாமகேஸ்வரியைச் சுற்றினாள். நடுவில் நடுவில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆளரவம் கேட்கும்போதெல்லாம் அவர்தானா என்று கேட்டாள்.

தண்ணீர் வடிந்த பிறகு தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

மார்கழியில் பெரியநாயகியும் உத்திராபதியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருமலைராயன்பட்டினத்துக்குப் போனார்கள். நஜ்முதீனின் தாயார் வாசலில் நின்றிருந்தார். ஒங்க புள்ள பொறந்துச்சு, எங்க புள்ள போயிட்டான், இன்னம் என்னா வேணும் ஒங்களுக்கு என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பெரியநாயகி அந்தப் பக்கமே போனதில்லை. காரைக்காலுக்குத் துணி எடுக்கப் போனால்கூட, கடைத்தெருவில் துப்பட்டி போட்ட பெண்களைப் பார்த்தால் ஒதுங்கி நின்றுவிடுவாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எதுக்குச் சொல்றது? ஒரு உசுருக்கு ஒரு உசுருன்னு நீ சொமந்துக்கிட்டுத் திரியவா? நான் சொமந்தது போதாதா?"

உமாமகேஸ்வரி அன்று ஆபீசுக்குப் போகவில்லை. ஆட்களை ஒரு வாரம் கழித்து வரச்சொல்லி சோமுவிடம் சொல்லிவிட்டு, மண்டபத்தைச் சுற்றி முள்வேலி கட்டச் சொன்னாள். வேலியைத் தாண்ட மாட்டேன் என்று அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

திருமலைராயன்பட்டினத்தில் பத்ருன்னிசாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவருடைய மகன் சேக் பரீது சவுதியிலிருந்து திரும்பிவந்து பெயிண்ட் கடை வைத்திருந்தார். ஓடமங்கலம் என்றதும் அவர் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப்போனார்.

பத்ருன்னிசா ஒடிசலான உருவம். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். உமாமகேஸ்வரி தான் யார் என்று சொன்னாள். அவர் மணிகளை விரலில் பிடித்தபடியே இருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவும் அப்பாவும் அன்றைக்கு வந்ததையும், வாசலோடு திரும்பியதையும், அதற்குப் பிறகு வரத் துணிவில்லாமல் போனதையும் சொன்னாள்.

"ஒங்க அம்மா வந்தாங்களா? இஞ்சயா?"

"மார்கழியில வந்தாங்களாம். என்னையத் தூக்கிக்கிட்டு."

பத்ருன்னிசா மகனைப் பார்த்தார். பிறகு உள் அறையைக் கையால் காட்டினார்.

"நான் அப்ப இத்தாவுல இருந்தேன், நாலு மாசம் பத்து நாளு யாரு கண்ணுலயும் படாம. தோ, அந்த ரூமுக்குள்ள. யாரு வந்தா, யாரு போனான்னு ஒண்ணும் தெரியாது. மாமி என்கிட்ட சொல்லல. அவங்க மவுத்தா போற வரைக்கும் சொல்லல. ஓடமங்கலத்துலேருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கலயேன்னு, ஒரு வார்த்த கேக்கலயேன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். அவரு போனதைவிட அதுதான் எனக்குப் பொறுக்கல."

மருமகள் தட்டில் தம்ரூட் இனிப்பும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். பத்ருன்னிசா தஸ்பீஹை மடியில் போட்டுவிட்டு அவளைப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"வெளக்கு அணைஞ்சு கெடந்துச்சு. தடவிப் பாத்துத்தான் பொம்பளப் புள்ளன்னு சொன்னேன். வெடிஞ்சதும் அவரத் தேடி ஓடிட்டேன். ஒன் மொகத்த நான் பாக்கவே இல்ல புள்ள." இரண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஒங்க அம்மா சாடையா, அத்தா சாடையா?"

"அப்பா மாதிரின்னு சொல்லுவாங்க" என்றாள் உமாமகேஸ்வரி.

மண்டபத்தின் நிலைமையை அவள் அப்புறம்தான் சொன்னாள். சுவர் சாய்ந்திருப்பதை, அம்மா போய் உட்கார்ந்ததை எல்லாம் சொன்னாள். நீங்கள் வேண்டாம் என்றால் வேலியோடு விட்டுவிடச் சொல்கிறேன், தானாக விழுகிறவரைக்கும் நிற்கட்டும் என்றாள். பத்ருன்னிசா யோசித்துவிட்டு, வந்து பார்க்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போகலாமா என்று சேக் பரீது கேட்டாராம். காலையிலேயே போவோம் என்று சொல்லிவிட்டார் பத்ருன்னிசா. மகனே காரை ஓட்டிவந்தார். கோயில் வாசலில் பெரியநாயகி நின்றாள். விடிந்ததிலிருந்து அங்கேதான் நின்றாள். கார்க் கதவைத் திறந்து பத்ருன்னிசா கால் ஊன்றியபோது அவள் கிட்டே போகவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். பத்ருன்னிசாதான் நடந்து போய் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"எப்புடி இருக்க, பெரியநாயகி?"

"இருக்கேங்க்கா."

அவ்வளவுதான் பேசினார்கள். உமாமகேஸ்வரி வேலியைக் கொஞ்சம் விலக்கி, இதற்கு மேல் போகக்கூடாது என்று நிறுத்தினாள். அங்கிருந்தே மண்டபம் முழுவதும் தெரிந்தது. பத்ருன்னிசா வளைவை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு மேலே பார்க்கவே இல்லை, இவ்வளவு அழகாகவா இருந்தது என்று மகனிடம் சொன்னார். எந்தப் படி என்று கேட்டார். பெரியநாயகி தெற்குப் பக்கத்துப் படியைக் காட்டினாள். படிக்கு அப்பால் குறுவை அறுத்த வயல், அதற்கும் அப்பால் ஆற்றங்கரை நாணல். பத்ருன்னிசா தலைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு இரு கையையும் ஏந்தி துஆ கேட்டார். சேக் பரீதும் ஏந்தினார். பெரியநாயகி கும்பிட்டாள். கடப்பாரைக்காரர்கள் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

துஆ முடித்ததும் பத்ருன்னிசா அங்கே நின்ற சோமுவைப் பார்த்தார்.

"எறக்கிடுங்க. ஒதுங்க வந்தவங்க தலையில விழுந்தா அவரு பொறுக்க மாட்டாரு. புதுசா கட்டப்போறதுக்குக் கதவு உண்டுங்களா?"

இரும்பு கேட் ஆர்டர் கொடுத்திருப்பதாக சோமு சொன்னார். கண்டவர்களும் வந்து படுக்கிறார்கள், பூட்டி வைத்தால் சுத்தமாக இருக்கும் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். பத்ருன்னிசா பதிலுக்காகக் காத்திருப்பவர் போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கதவு வேணாங்க" என்றார் சோமு. "நாலு பக்கமும் தொறந்தே கட்டிப்புடுறோம்."

பெரியநாயகி இருவரையும் வீட்டுக்கு அழைத்தாள். சேக் பரீது தொழுகைக்குக் கோட்டுச்சேரி பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிக் கிளம்பினார். பத்ருன்னிசா அடுக்களை ஓரத்து மரப்பெஞ்சில் மத்தியானத்து லுஹர் தொழுகையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு, வாழைப்பூ வடை, ரசம். பெரியநாயகி அவருக்கு இலை போட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தாள்.

மண்டபத்துப் பக்கம் முதல் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது. உமாமகேஸ்வரி அங்கே நிற்க வேண்டும். மேல்தளத்துச் சிமெண்டை முதலில் உடைத்து எடுக்கச் சொல்லியிருந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியவள் திரும்பி அடுக்களையைப் பார்த்தாள். அம்மா ரசத்தைக் கரண்டியில் எடுத்தவள் ஊற்றாமல் பிடித்திருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு இருட்டுல நான் அவரு கொரலத்தான் கேட்டேன். போறப்ப முதுகத்தான் பாத்தேன். அவரு எப்புடி இருப்பாரு?"

வெளியே செங்கல் சரிந்தது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பத்ருன்னிசா இலையின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"நல்ல நெட்டையா இருப்பாரு. எங்க வூட்டு நெலப்படியில தெனம் தலைய இடிச்சிப்பாரு. இடிச்சிட்டு, யாரு இத இவ்வளோ தணிவா வச்சதுன்னு தெனமும் எங்க மாமிய கேப்பாரு..."

பெரியநாயகி கரண்டியை ரசச்சட்டியில் வைத்துவிட்டு, சம்மணத்தை மாற்றிப் போட்டு, கேட்க உட்கார்ந்தாள்.